பஸ்ஸுக்குள் இத்தா

எங்கள் ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். நான் பிறந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்ற வீட்டை என் ஒரே மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அப்படிக் கொடுத்த பிறகு தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமைக்கக் குசினியும் இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவதுதான் வழமை. எங்கள் வளவில் அதற்கும் இடமில்லை. கல்முனைக் கரையோரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் கோழி போகத்தான் வழியிருக்கும்.

"இனி ஒரு வீடு கட்ட எனக்கு ஏலா," என்றார் என் புருஷன். "ஓடுற வீடு ஒண்டு செய்வம் புள்ள."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

அவர் கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்ஸின் சாரதியாக இருந்தவர். இங்கே பொழுதுபட்ட பிறகு எடுத்தால் அங்கே விடியும்போது போய்ச் சேரும். பகலெல்லாம் படுத்துவிட்டு, மறுபடி இரவில் திரும்பி வருவார். வாலிபத்தில் தொடங்கிய ஓட்டம், தலை நரைத்த பிறகுதான் நின்றது.

"இந்த நாட்டக் குறுக்கால எத்தன தரம் வெட்டியிரிக்கன் தெரியுமா? ஒரு ஊரையும் பகல்ல பாத்ததில்ல. லைட்டுக்கு முன்னால வாற துண்டு றோட்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றார். "அந்த ஊரெல்லாம் வெளிச்சத்துல எப்பிடி இரிக்கிண்டு பாக்கணும். உன்னையும் கொண்டுபோய்க் காட்டணும்."

ஏதோ ஒரு தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக் களைத்துப் போன பழைய பஸ் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, சாரதிக்குப் பின்னால் இரண்டை மட்டும் விட்டு வைத்தார். பின்பக்கம் குறுக்காக ஒரு கட்டில். அதற்குக் கீழே அரிசி, உடுப்பு, தலையணை எல்லாம் போட ஒரு பெட்டி. இடப்பக்கம் கேஸ் அடுப்பு. கூரையில் தண்ணீர்த் தாங்கி. ஜன்னல் திரைகளை என் பழைய சாறிகளைக் கிழித்து நானே தைத்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, படியில் கால் வைக்காமலே திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு அது பெரிய வெட்கக்கேடு. வீட்டைத் தான் எடுத்துக்கொண்டு தாய் தகப்பனைத் தெருவில் விட்டுவிட்டதாக ஊர் கதைக்கும் என்று பயந்தாள். கதைத்தார்கள்தான். ஒரு கலியாண வீட்டில் எனக்கு முதுகு காட்டி இருந்த இரண்டு பெண்கள், "புள்ளைக்கு வீட்டக் குடுத்துட்டு இப்ப றோட்டுல திரியிறாவாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

முதல் வருடம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வாழ்வது என்றால் காற்றும் கடலும் என்று நினைப்பீர்கள். எனக்கு முதல் கவலை கக்கூசு. விடியுமுன் எழும்பி பெற்றோல் செட்டிலோ பள்ளிவாசலிலோ போய்விட வேண்டும். அதற்கும் வழியில்லாத இடங்களுக்கு மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் எழும்புமுன் அவர் அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருப்பார். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியும், அப்படியொரு மனிசன் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

குளிப்பு ஆற்றில், குளத்தில், யாராவது இடம் கொடுத்தால் கிணற்றடியில். தண்ணீர் பெரும்பாலும் பள்ளிவாசல்களில் பிடிப்போம். நோன்பு காலத்தில் எந்த ஊரில் நின்றாலும், நோன்பு திறக்குமுன் யாராவது ஒருவர் கஞ்சியோடு வந்து பஸ்ஸில் தட்டுவார். தொழ முகம் திருப்பும் கிப்லா ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸுக்கு வேறு பக்கம். போனைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் கட்டில் பக்கம்," "இண்டைக்கு அடுப்புப் பக்கம்" என்பார். ஒருவர் தொழத்தான் இடமிருந்தது. அவர் தொழுது முடியும்வரை நான் சீட்டில் காத்திருப்பேன்.

சண்டை பிடித்தால் கோபித்துக்கொண்டு போய் இருக்க இன்னோர் அறை இல்லை. அப்படி ஒரு தரம் நான் வெல்லவாயப் பக்கம் ரோட்டோரத்தில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். அவர் பஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஹோர்ன்கூட அடிக்கவில்லை. பின்னால் ஒரு லொறிக்காரன் பொறுமை கெட்டு ஏசினான். அவனுக்குப் பயந்து நான் ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அவர், "டிக்கட் எடுக்கல்லியே, எங்க இறக்கம்?" என்று கேட்டார். நான் சிரிக்கவே கூடாது என்று இருந்தேன். ஏலாமல் போய்விட்டது.

மழைக்குத் தக்கபடி எங்கள் வருடம் ஓடியது. கிழக்கில் வாடை மழை பிடிக்குமுன் மேற்கே புத்தளம் பக்கம் போய்விடுவோம். பிறகு மலைநாடு. வெள்ளைக்காரர்கள் வரும் மாதங்களில் பொத்துவில் கடற்கரை. அங்கே காலையில் நான் ரொட்டியும் சம்பலும் போட்டு விற்பேன். பின்நேரம் வட்டிலப்பம். அவர், சின்னப் பிள்ளையைப் போல, அந்த வெள்ளைக்காரர்களோடு கை அசைத்து அசைத்துக் கதைப்பார். மகியங்கனைக்கு இறங்கும் வளைவு ரோட்டை முதன்முதல் பகலில் பார்த்த அன்று, பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப்போய் விளிம்பில் நின்றார். கீழே அவ்வளவு பள்ளம். "இவ்வளவு நாளும் இதுக்குள்ளாலயா புள்ள நான் ஆக்களக் கொண்டு போனன்?" என்றார்.

அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துப்போனது எப்போது என்று தெரியவில்லை. ஒரு பெருநாளைக்கு மகள் வீட்டில் தங்கியபோது எனக்கு நித்திரை வரவில்லை. திரும்பிப் படுத்தேன். அவரும் முழித்துக்கொண்டுதான் கிடந்தார். இரண்டு பேரும் சத்தம் போடாமல் எழும்பி, பிரதான வீதியில் நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம். காலையில் மகள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நாங்கள் நிற்கும் இடங்களில் ஒன்று சவளக்கடை. அவரோடு பல வருடம் அந்த இரவு பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த ஒரு தமிழ் அண்ணன் அங்கே வயல் செய்துகொண்டு இருந்தார். தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் தெருவில் ஒருவர் போகப் பயந்த காலத்திலும், ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக நின்றவர்கள் அவர்கள் இருவரும். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்பேன். எங்கள் பஸ் வருகிறது என்று தெரிந்தால் அக்கா வளவில் கிடக்கும் விறகையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணி வைப்பா.

போன வருடம் சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு அங்கே போய் நின்றோம். மேற்கே போகுமுன் கொஞ்ச நாள் இளைப்பாறுவதாக நினைப்பு. ஒரு நாள் காலை அவர் கிணற்றில் குழாய் போட்டு, பின்பக்க ஏணியில் ஏறி, தாங்கிக்குத் தண்ணீர் நிரப்பினார். இறங்கி வந்தவர் பஸ் படியில் இருந்துகொண்டார்.

"நெஞ்சு எரியுது புள்ள."

"ராவைக்குத் திண்ட இறைச்சியாத்தான் இரிக்கும். இரிங்க, இஞ்சி போட்டு பிளேன்டீ ஊத்தித் தாறன்."

ஒரு மிடறு குடித்தார். கோப்பையைத் திருப்பி என் கையில் தந்தார். அவர் முகம் வேர்வையில் நனைந்து சாம்பல் நிறமாக இருந்தது. நான் கத்தினேன். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஓட்டோ ஒன்றைக் கூட்டி வந்தார். என் மடியில் தலை வைத்துக் கிடத்தினோம். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"கேஸ் அடுப்ப நூத்துட்டு வந்தியா?"

"ஓம்," என்றேன். "நூத்துட்டன்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அவர் உடல் ஜனாஸாவாக மகள் வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்டியதும் வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டதும் அங்கேதான். அசர் தொழுகைக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் அவ்வளவு சுறுக்காக நடந்தது. காலையில் ஏணியில் நின்ற மனிசன் பொழுது சாயுமுன் மண்ணுக்குள். அவர் முகத்தை ஆறுதலாக ஒரு தரம் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. பார்க்க விட்டார்கள்தான். என்னைச் சுற்றி அவ்வளவு பெண்கள் நின்று அழுதார்கள். நான் அவர்களைத் தேற்றிக்கொண்டு நின்றேன்.

புருஷன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அவனோடு வாழ்ந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது முறை. அங்கே இருக்கப் பயமோ வில்லங்கமோ என்றால் வேறு வீட்டுக்கு மாறலாம் என்று மௌலவி மருமகனிடம் போனில் சொன்னார். அறையைக் கூட்டி, ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, மகள் எல்லாம் ஆயத்தம் பண்ணிவிட்டாள்.

"நான் பஸ்ஸுக்குப் போறன்," என்றேன்.

மகளுக்கு விளங்கவில்லை. "எந்த பஸ்ஸுக்கு?"

"நாங்க இரிந்தது அதுலதானே. அதுதான் என்ட வீடு."

"உம்மா, இதுவும் உங்கட வீடுதானே!"

"இது நான் உனக்குத் தந்த வீடு மகள்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "மக வீடு இரிக்கக்குள்ள, உம்மா தமிழாக்கள்ற வளவுல பழைய பஸ்ஸுக்குள்ள இத்தா இரிக்கா எண்டா ஊரு என்ன சொல்லும்? வாப்பாதான் போயிட்டாரு. நீங்களும் என்ன விட்டுட்டுப் போறீங்களா?"

பஸ் கட்டிலில் கிடக்கும் தலையணையில் அவருடைய எண்ணெய் மணம் இன்னும் இருக்கும், அது போகுமுன் நான் அங்கே இருக்க வேண்டும் என்பதை எப்படிப் பிள்ளையிடம் சொல்வது? வாசலில் பெண்களோடு நின்ற அக்காதான் முன்னுக்கு வந்து மகளின் கையைப் பிடித்தா.

"மகள், பஸ் எங்கட வளவுலதான் நிக்கிது. உங்கட முறை எனக்குத் தெரியாது. சொல்லித் தந்தா, அந்த மாதிரியே நான் பாத்துக்கிறன்."

அன்றிரவே மருமகன் என்னைக் கொண்டுபோய் விட்டார்.

அக்கா சொன்னபடி பார்த்துக்கொண்டா. சமைத்துத் தர என்றே புதுச் சட்டியும் அகப்பையும் வாங்கினா. என் பாத்திரங்களைத் தன் பாத்திரங்களோடு கலக்காமல் கழுவினா. தைப்பொங்கல் வந்தபோது, தன் பேரப்பிள்ளைகள் வாங்கி வைத்திருந்த வெடியைச் சுட விடவில்லை. அண்ணன், வீட்டு முன்வழியை விட்டுவிட்டு, பின்னால் வரம்பால் சுற்றித்தான் வயலுக்குப் போய் வந்தார். வளவு மூலைக்கு வந்ததும் ஒரு செருமல் செருமுவார். நான் திரையை இழுத்து விட்டுக்கொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் எங்களோடு தேத்தண்ணி குடித்த மனிசனின் செருமல் மட்டும்தான் எனக்கு மிஞ்சியது. அவரும் அழுதுகொண்டுதான் திரிகிறார் என்று அக்கா சொன்னா.

வெள்ளை உடுத்துக்கொண்டு, கட்டிலுக்கும் சாரதி சீட்டுக்கும் நடுவில் நடப்பேன். ஒரு மாதம் போகுமுன் தலையணையில் மணம் போய்விட்டது. பிறகு என் மணம்தான் இருந்தது. போனில் கிப்லா பார்க்கத் தேவையிருக்கவில்லை. பஸ் அசையவில்லை, அது ஒரே பக்கம்தான். சில வேளை இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைப்பேன். மகள் வெள்ளிக்கிழமைகளில் கறி கொண்டு வருவாள். படியில் இருந்துகொண்டு என்னைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே ஏற மாட்டாள். நானும் கூப்பிட்டுக் களைத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்தும் மாரி ஓயவில்லை. விடாத மழை. ஒரு நாள் பின்நேரம் வாய்க்கால் உடைப்பெடுத்து வயல் முழுக்க வெள்ளமாகி, தண்ணீர் வளவுக்குள் ஏறியது. பஸ்ஸின் முதல் படி தண்ணீருக்குள் போய்விட்டது. ரோடு மூடி, மருமகனால் வர முடியவில்லை. பற்றரி எப்போதோ செத்துவிட்டது, பஸ் ஸ்டார்ட் ஆகாது. அண்ணன் உழவு மெசினைக் கொண்டு வந்து முன்னால் சங்கிலி போட்டார். இழுத்து மேட்டு ரோட்டில் ஏற்றலாம். ஆனால் யாராவது ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று ஜன்னலைத் தட்டினா. "தங்கச்சி, அவர் உள்ள வரமாட்டாராம். உங்களப் புடிக்கட்டாம்."

"எனக்கு ஏலா அக்கா. நான் ஒரு நாளும் புடிச்சதில்ல."

"நேரா புடிச்சாக் காணுமாம். அவர் திரும்பிப் பாக்க மாட்டார். நான் படியில நிக்கிறன், பயப்படாதீங்க."

நான் போய் அந்த சீட்டில் இருந்தேன். நடுவில் பள்ளமாகி, அவர் உடம்புக்குப் பழகிப்போன சீட். என் கால் பிறேக்குக்கு எட்டவில்லை. விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பிடித்தேன். அக்கா சொல்லச் சொல்ல ஹேன்ட் பிறேக்கை விட்டேன். முன் கண்ணாடியில் மழை. அதற்கு அப்பால் அண்ணனின் முதுகு, தலையில் ஒரு சாக்கு. அக்கா படியில் ஏறி நின்று பஸ்ஸின் தகட்டில் இரண்டு தரம் தட்டி, "றைட்!" என்று கத்தினா. கொண்டக்டர் பெண்சாதி அல்லவா.

பஸ் அசைந்தது.

அந்த அசைவு என் உடம்புக்குத் தெரிந்த அசைவு. எழும்பிப் புறப்படும் எல்லாக் காலைகளிலும் என் முதுகில் பட்ட அசைவு. அவர் எடுத்துவிட்டார், எங்கேயோ போகிறோம் என்று ஒரு நொடி உடம்பு நம்பிவிட்டது. திரும்பி அவரைப் பார்க்கப் போனேன். அந்த இடத்தில் நான்தான் இருந்தேன். எஞ்சின் ஓடாத பஸ்ஸின் ஸ்டியரிங் கல்லைப் போலக் கனத்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மௌத்தான அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன். வாய்விட்டு, குரல் உடையும்வரை. அக்கா படியில் நின்றபடியே, "நேரா புடிங்க தங்கச்சி, நேரா புடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தா. அவவும் அழுதுகொண்டுதான் சொன்னா. உழவு மெசின் சத்தத்துக்கு மேலாக எங்கள் சத்தம் அண்ணனுக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்ச நாட்களை மேட்டு ரோட்டோரத்தில் கழித்தேன். மாசி பிறக்க இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சாறி ஒன்றை உடுத்துக்கொண்டு இறங்கினேன். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மருமகனின் வேனுக்குப் போனேன். பஸ்ஸை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டி வைத்தாலும், அவர் இல்லாமல் எங்கே போவது? எந்த ஊரைப் போய்ப் பார்ப்பது? நிந்தவூரில் இருந்து ஒருவர் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை போடவென்று கேட்டார். கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

வாங்குகிறவர் பஸ்ஸை எடுக்க வந்த அன்று நானும் சவளக்கடைக்குப் போயிருந்தேன். பெட்டியில் கிடந்த உடுப்புகளையும் பாத்திரங்களையும் இரண்டு சாக்கில் கட்டினேன். வந்தவர் நல்ல மனிசன். "ராத்தா, கட்டில் எனக்குத் தேவைப்படா. கழட்டித் தரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணன் புதுப் பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணினார். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. நானும் அக்காவும் கிணற்றடிக்குப் போய்விட்டோம். சத்தம் ரோட்டால் போய்க் குறைந்து, இல்லாமல் போகும்வரை அக்கா என் கையை விடவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றா. சாப்பிட்டேன். என்ன கறி என்று ஞாபகமில்லை.

மகள் வீட்டுக்கு வந்தபோது அவள் மா அரித்துக்கொண்டு இருந்தாள்.

"வித்தாச்சா உம்மா?"

"ஓம் மகள். கொண்டு போயிட்டாங்க."

நல்லது என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அரிதட்டைக் கீழே வைத்தாள். மா படிந்த கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒரு நாளாவது அதுல படுக்கல்ல உம்மா," என்றாள். "வாப்பா எத்தன தரம் கேட்டாரு. ஒரு நாள் வா மகள், பொத்துவில்ல கடல் பக்கமா நிப்பாட்டுவம், காலைல எழும்பக்குள்ள பாரு எண்டு. வேல இரிக்கிண்டு சொல்லிச் சொல்லி..."

சொல்லும்போதே அழுதாள். தகப்பனை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை அவள். நான் நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தலையை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவள் ஒரு நாளாவது உள்ளே ஏறியிருக்கலாம். நானும் இன்னும் ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை விளக்குப் போடாமல் அந்தக் குசினி நிலத்திலேயே இருந்தோம், நானும் என் மகளும்.